வருதாம்

இந்த வாரம் ஊத்தான் மெலிந்தாங்கில்
எல்லா வினைச்சொல்லுக்கும் வால் முளைத்திருக்கிறது.
வருதாம். சுழலுதாம்.
இந்தத் தடவை எண்ணெய் குடிக்காதாம்.

செம்பனைக் குலை ஏற்றும் லாரிக்காரர் பஞ்சாட்சரம்
கிள்ளான் துறைமுகத்தில்
துணி போர்த்திய ஒன்றைப் பார்த்தாராம்.
திங்கட்கிழமை அது வெறும் சிவப்பு.
வியாழக்கிழமைத் தே தாரிக் ஆறுவதற்குள்
நானூறு குதிரை.
"அஞ்சு நூறு" என்றான் ஆ செங்,
டயர் கழற்றியபடி, தலை நிமிராமல்.

நான் பட்டறையில் கணக்கெழுதுகிறவள்.
பில் பறக்காமலிருக்க மேசைமேல் வைத்திருப்பது
பழைய வண்டியின் ரோட்டார்.
மூன்று மூலை, வீங்கிய கன்னங்கள், நாலு கிலோ கனம்.
வண்டியின் மிச்சம் பின்கட்டில், தார்ப்பாய்க்குள்.
ஓட்டுநர் இருக்கையில் கோழி முட்டையிடுகிறது.

அண்ணன் லோகேந்திரன் அதை விற்பதாகத்தான் இருந்தான்.
ஈப்போக்காரர் மூவாயிரம் வெள்ளி எண்ணி நீட்டினார்.
"புதுசு வருதாமே,
அப்ப பழசுக்கும் சாமான் கிடைக்கும்"
என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

மூன்று நாள் அவனோடு பேசவில்லை.
ஆனாலும் நேற்று, கடை சாத்தியபின்,
காகிதங்களை ஒதுக்கிவிட்டு
அந்த இரும்பை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டேன்.
வட்டமாகச் சுற்றவில்லை அது.
மூலை மூலையாக இடறி,
ஒன்றைச் சொல்லவந்து வேறொன்றைச் சொல்பவன்போல்
கட்டாத கரண்டு பில்லின் மேல் வந்து நின்றது.

காலையில் பஞ்சாட்சரம் லாரியை நிறுத்தி,
ஏதும் சேதி உண்டா என்றார்.

சிவப்பில்லையாம், நீலமாம் என்றேன்.