கீல்

நகரியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது
கடைசிப் படி இல்லை என்று நினைத்தேன்.
இருந்தது.

வலது முழங்கால் வீங்கி
வேட்டிக்குள் ஒரு பூசணிப் பிஞ்சு.
மச்சான் கோதண்டம் காரில் தூக்கிப் போட்டு
நேரே புத்தூருக்கு விட்டான்.
எங்கள் பக்கத்தில் எலும்பு முறிந்தால்
கார் தானாகவே அங்கே திரும்பும்.

கட்டுக்காரர் நெடுநேரம் தடவினார்.
முட்டையும் துணியும் தயாராக இருந்தன.
கையை எடுத்துக்கொண்டு சொன்னார்:
"கீலு லோபல விரிகிந்தி. மா வல்ல காது."
மூட்டுக்குள்ளே முறிவு, தன்னால் ஆகாது.
காசு வாங்கவில்லை.

கீலு.
அவருக்கு அது மூட்டு.
எனக்கு, பொன்பாடி செக்போஸ்டில்
இருபத்தாறு வருஷம் கிரீஸ் தடவிய
தடுப்புக் கம்பத்தின் கீல்.

திருத்தணியில் டாக்டர் வேதவல்லி
படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.
"தொடையெலும்பு உட்கார்ற மேடை இது.
ஒரு பக்கம் அமுங்கிடுச்சு,
மழைக்கு ரோடு இறங்குற மாதிரி."
பள்ளத்தைத் தூக்கி அடியில் எலும்புத் துகள்,
பக்கவாட்டில் ஒரு தகடு, ஏழு திருகாணி.
"எழுபத்தோரு வயசு எலும்பு,
திருகு பிடிக்குமா?" என்றாள் சுலோசனா.
"பிடிக்காதுன்னுதான் ஏழு."

பத்து வாரம் அந்தக் கால் தரையில் படக்கூடாது.
வாக்கரைப் பிடித்து ஒற்றைக் காலில்
கக்கூஸ் வரை பதினோரு தாவல்.
தினமும் எண்ணினேன்,
லாரி எண்ணியே பழகினவன்.
ராத்திரியில் தகடு மட்டும் தனியாகக் குளிர்ந்தது.
அதை யாரிடமும் சொல்லவில்லை.

பிசியோ பொண்ணு ஷப்னம்
பிளாஸ்டிக் கோணமானியோடு வருவாள்.
முப்பது. முப்பத்திரண்டு.
ஒருநாள் இருபத்தொன்பது.
கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு
தெலுங்கில் திட்டுவேன்.
அவள் பிறந்த ஊர் நகரி என்று
மூன்றாம் வாரம்தான் தெரிந்தது.

நேற்று எண்பத்தேழு.
"தொண்ணூறு வரணும் சார், அப்பதான்
நாற்காலியில ஒழுங்கா உட்காரலாம்."

சொன்னேன்:
எங்கள் கம்பமும் செங்குத்தாக நின்றதே இல்லம்மா.
மேலே ஒரு புளியங்கிளை இடிக்கும்.
அந்தச் சாய்வுக்குள்தான்
வைக்கோல் லாரிகள் ஒதுங்கி ஒதுங்கிப் போயின,
ஆந்திராவுக்கும் ஒன்றும் குறையவில்லை,
நமக்கும் ஒன்றும் குறையவில்லை.

"கிளையை வெட்டியிருக்கலாமே சார்" என்றவள்
குதிகாலைப் பிடித்து
மெல்ல உள்ளே தள்ளினாள்.