இருபது டிகிரி

வாஹ் நதியோரம் எங்கள் ஆலை.
இடையில் முப்பது வருஷம் டிராக்டர் செய்தோம்.
உருக்கு ஸ்வீடனிலிருந்து வருகிறது,
வெடிமருந்தை நார்வேயில் நிரப்புவார்கள்,
முனையில் திருகுகிற ஃபியூஸ் போலந்து,
பீரங்கி ஜெர்மானியருடையது.
நடுவில் நான்,
லூட்மிலா ஹ்ராஷ்கோவா, தரச் சோதனை, இரண்டாம் ஷிப்ட்.
என் வேலை ஓர் எஃகு வளையம்.
குண்டு அதற்குள் புகுந்து வெளிவந்தால் சரி,
இல்லாவிட்டால் சிவப்புச் சாக்பீஸ்.

ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை
நாற்பதுக்கு நாற்பதும் சிவப்பு.

வியாழக்கிழமை வந்து இறங்கினார்கள்,
ஆளுக்கொரு வரைபடத்தோடு.
நூற்றைம்பத்தைந்து மில்லிமீட்டர் என்பதில்
எல்லோருக்கும் ஒரே குரல்.
புள்ளிக்குப் பின்னால்தான் கூட்டணி பிரிந்தது.
உருக்கில் குறையில்லை என்றார் ஹோல்கெர்,
யாரும் கேட்பதற்கு முன்பே.
எங்கள் ஃபியூஸ் இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது
என்றாள் க்ராஷினா.
மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லில் திணறினார்:
அனுமதிக்கப்பட்ட பிழை என்பதா,
பொறுமை என்பதா.

வளையத்தை எடுத்துவரப் போனேன்.
விரல் ஒட்டிக்கொண்டது, அத்தனை குளிர்.
மேலே ஜன்னல் கண்ணாடியில் விரிசல்;
மாற்றச் சொல்லி அக்டோபரில் நான் எழுதிய தாள்
எந்த மேஜையில் உறங்குகிறதோ.
குளிரில் சுருங்கியிருந்தது வளையம்,
அரைத் தலைமுடி அளவு.

கூட்ட மேஜையின் நடுவே வைத்தேன்,
பக்கத்தில் ஒரு வெப்பமானி.
இருபது டிகிரி வரட்டும் என்றேன்.
ஐந்து நாடுகள் பேசாமல் உட்கார்ந்து
ஒரு வளையம் சூடேறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தன.
நார்வேக்காரர் ஈவார்
என் கசகசா ரொட்டியில் பாதியைத் தின்றுவிட்டு
மன்னிப்புக் கேட்டார்.
பதினேழு. பதினெட்டு.
ஜெர்மானியர் வீலாண்ட் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.
இதைவிட ஒற்றுமையாய் நாங்கள் இருந்ததில்லை.

நாற்பதும் புகுந்தன, எண்ணெய் தடவிய சத்தத்தோடு.
கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

தாமதம் நான்கு நாள் என்று அறிக்கையில் எழுதச் சொன்னார்கள்.
எழுதினேன்.
கிழக்கே ஒரு பீரங்கி
அந்த நான்கு நாளும் வெறும் வாயோடு நின்றிருக்கும்,
அதை நம்பி ஒரு பதுங்குகுழி.
அது குறிவைக்கும் தூரத்திலும் யாரோ
நான்கு காலை காலுறை மாற்றியிருப்பான்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

போகும்போது க்ராஷினா
பெட்டி ஒட்டுகிற டேப் ஒரு சுருள் கொடுத்துப் போனாள்.
விரிசல்மேல் குறுக்காக ஒட்டினேன்.
'எச்சரிக்கை, மெதுவாகக் கையாளவும்' என்று
நான்கு மொழிகளில்.
காற்று இன்னும் வருகிறது,
கொஞ்சம்.