செயப்பாட்டுவினை

‘கடலூர்த் துறைமுகத்தில்
ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு
ஏற்றப்பட்டது’ என்கிறது டி.வி.

ஏற்றியவள் நான்.
ஈரக்கயிறு இழுத்த எரிச்சல் உள்ளங்கையில் இருக்க
முதுநகர் மணிக்கூண்டுப் பக்கம் டீக்கடையில் நின்று
அதைக் கேட்கிறேன்.
பக்கத்தில் பிஸ்கட் நனைத்தவர்
‘ஏத்திட்டானுங்கப்பா’ என்றார்.
ஆண்பால். பன்மை வேறு.
திருத்தவில்லை, டீ ஆறிக்கொண்டிருந்தது.

பள்ளியில் படித்ததுதான்:
‘ஆல்’ சேர்த்தால் செய்தவர் வருவார்,
சேர்க்காவிட்டாலும் வாக்கியம் நிற்கும்.

தணிகாசலம் செத்த பதினோராம் மாதம்
கருணை அடிப்படையில் வந்த வேலை.
அவர் பிடித்த கயிறு, அவர் உட்கார்ந்த நாற்காலி,
அவர் கணக்கில் கழிக்கப்படாத ஒரு டார்ச் லைட்.
ஒன்பது வருஷம்.
கூண்டுக்குள் என்ன இருக்கும் என்று
சோனாங்குப்பத்துப் பிள்ளை ஒன்று கேட்டது.
காற்று என்றேன்.
நம்பவில்லை.

மாசி பங்குனியில் கடல்
தட்டில் ஊற்றிய எண்ணெய்போலக் கிடக்கும்.
வெள்ளி மாலை பூட்டினால் திங்கள்வரை பேச்சில்லை.
ஒரு ஞாயிற்றுக்கிழமை
குரல் இருக்கிறதா என்று பார்க்க
கேஸ் பதிவு செய்யும் எண்ணுக்குப் போன் போட்டேன்.
எதிரே பேசியது பதிவு செய்த குரல்.
சிலிண்டர் மட்டும் வந்தது.

ஐப்பசி வரும்.
அந்தமானுக்குத் தெற்கே ஏதோ சுழல்கிறது என்பார்கள்.
நான் எழுந்து தலை சீவுவேன்.

கலியவரதன் கூப்பிடுவார்.
‘அக்கா, எத்தனை?’
‘மூணு.’
வைத்துவிடுவார்.
அந்த ஒற்றைச் சொல்லை
பொங்கல்வரை வைத்துச் சாப்பிட்டிருக்கிறேன்.

இதுவரை யாரிடமும் சொல்லாதது இது:
புயல் வர வேண்டும் என்று நினைத்திருக்கிறேன்.
பெரிதாக அல்ல.
போன் அடிக்கிற அளவுக்கு.

அந்தக் கார்த்திகையில் ஐந்துவரை போனது.
இரவுக்கான விளக்குகளை ஏற்றிவிட்டு
கம்பத்தடியில் நனைந்துகொண்டிருந்தேன்.
அக்கரைக்கோரிப் பெண் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள்.
வேறெங்கும் மின்சாரமில்லை,
வெளிச்சம் இங்கேதான்.
இரண்டு படகு திரும்பவில்லை என்றாள்.
ஒன்றில் அவள் வீட்டுக்காரர், கொழுந்தன்.
முகத்தைப் பார்க்க முடியவில்லை என்னால்.
நினைத்ததெல்லாம் நினைவுக்கு வந்தது.
பன்னில் பாதியைப் பிட்டுக் கொடுத்தேன்.
அவள் தின்றாள், உப்பனாற்றைப் பார்த்தபடி.
என் பேரைக் கேட்கவில்லை.
நானும்.

விடிகாலையில் முகத்துவாரத்தில் மோட்டார் சத்தம்.
முதலில் ஒன்று,
வெகுநேரம் கழித்து இன்னொன்று.
எழுந்து ஓடினாள். திரும்பிப் பார்க்கவில்லை.
திரும்பியிருந்தால்
எனக்குக் கோபம் வந்திருக்கும்.

அன்று பதிவேட்டில் எழுதினேன்:
‘காலை 6.10. கூண்டு என்னால் இறக்கப்பட்டது.’
அதிகாரி சிவப்பு மையில்
‘என்னால்’ என்பதை மட்டும் அடித்தார்.
கோடு மெல்லியது,
அடியில் எழுத்து இன்னும் தெரிகிறது.

இப்போது பங்குனி.
மத்தியான வெயிலில் நாய்கூட இல்லாத தளத்தில்
கப்பிக்கு எண்ணெய் போடுகிறேன்.
கூண்டை ஒருமுறை ஏற்றிப் பார்த்து
யாராவது பயந்துவிடுமுன்
சட்டென இறக்குகிறேன்.
கயிற்றில் ஒரு புரி அறுந்திருக்கிறது.
தை மாதமே எழுதிப் போட்டேன்.
நேற்றுதான் சென்னையிலிருந்து பதில்:
‘தங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்படும்.’

சிரித்துவிட்டேன், தனியாக, சத்தமாக.
பிறகு காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
‘பரிசீலிக்க’ என்பதில் ஒரு ‘லி’ விட்டுப்போய்
பேனாவால் நுழைத்திருந்தது,
சாய்ந்த, அவசரமான கையெழுத்து.
சாப்பாட்டு இடைவேளைக்கு முன்பாக இருக்கலாம்.
அவருக்கும் கை வலித்திருக்கும்.