பத்துப் பத்தாய் எண்ணும் மேடை

காவேரிப்பட்டணம் சாலையில், மாங்கூழ் ஆலைக்கு எதிரே
இருக்கிற எடை மேடையில் எனக்கு இரவு ஷிஃப்ட்.
அறுபது டன் தாங்கும்.
ஆனால் பத்துப் பத்தாகத்தான் எண்ணத் தெரியும்.
கிளீனர் பையன் குதித்து இறங்கினால் கண்டுகொள்ளும்.
அவன் கையில் தொங்கும் தண்ணீர்க் கேனைக்
கண்டுகொள்ளாது.

மருந்துக்கடை வாசலில், காசு போட்டால்
கலர் பல்பு சுற்றிச் சீட்டுத் துப்பும் மிஷின்
என்னைத் தொண்ணூற்று நான்கு என்றது.
சீட்டின் பின்பக்கம்: ‘வெளியூர்ப் பயணம் அனுகூலம்.’
பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா தலை நிமிராமல் எழுதினார்,
பத்துக் கிலோ குறையணும்.
எப்படி என்று நான் வாய் திறப்பதற்குள்
அடுத்த டோக்கன்.

எப்படி என்று சொல்ல ஊரில் ஆளா இல்லை.
வெந்நீரில் எலுமிச்சை என்றான் டீக்கடை சின்னராஜ்,
மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்ட டீயை நீட்டிக்கொண்டே.
ஓசூரிலிருந்து மச்சினன் ஒரு டப்பா பவுடர் கொண்டுவந்தான்.
இரண்டாயிரத்து நானூறு ரூபாய்,
சாக்பீஸ் கரைத்த ருசி.
சோறே வேண்டாமென்று இருபத்திரண்டு நாள் இருந்தேன்.
இருபத்து மூன்றாம் நாள்
ராயக்கோட்டை மேம்பாலத்தடியில் ஆறு பரோட்டா,
சால்னா கேட்டு இரண்டு முறை.
களி தின்றால் இளைக்கலாம் என்று
போனில் ஒரு பெண் அழகாகச் சொல்கிறாள்.
களி தின்றுதானம்மா நான் தொண்ணூற்று நான்கு ஆனேன்.

சனிக்கிழமை தோறும் லாரி ஓய்கிற மூன்று மணிக்குச்
செருப்பைக் கழற்றிவிட்டு மேடை நடுவில் போய் நிற்பேன்.
சுவரில் சிவப்பெழுத்து: 90.
பட்டினியில் போன மூன்று கிலோ அதற்குத் தெரியவில்லை.
பரோட்டாவில் திரும்பி வந்த மூன்றும் தெரியவில்லை.

ஆனி மாதம். வரிசையில் நாற்பது லாரி,
காற்றெல்லாம் பெங்களூரா மாங்காய்ப் பால்.
உள்ளே போகையில் ஓர் எடை, திரும்புகையில் ஓர் எடை.
எட்டு வருஷமாக நான் அடித்த சீட்டு அத்தனையிலும்
மொத்தம், காலி, சரக்கு.
ஒரு லோடை இறக்காமல் அதன்மேல் இன்னொரு லோடை
ஏற்றிக்கொண்டு போன வண்டி
ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை,
என்னைத் தவிர.

பதினோரு மணி போண்டா, ஒரு மணி டீ,
இரண்டரைக்கு இன்னொரு டீ, பிஸ்கட்டோடு,
விடியலில் பர்கூர் டிரைவர் நீட்டும் முறுக்கு.
ஒன்றுக்கும் பசி கூப்பிடவில்லை.
ஹாரன்தான் கூப்பிட்டது.

மறுநாள் முறுக்கை நீட்டியவனிடம் சொன்னேன்:
“லோடு இன்னும் இறங்கலப்பா.”
என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு
கிளட்சை விட்டான்.

அவ்வளவுதான் நான் கண்டுபிடித்தது.
வீட்டில் என்ன வேகிறதோ அது.
ஒரு தட்டு. மறு சோறு இல்லை.
வயிறு காலி என்று தானே சொல்லும் வரை
அடுத்த தட்டு இல்லை.

நாகவேணிக்குத்தான் தாங்கவில்லை.
“என் கைப்பக்குவம் கசந்துபோச்சா?”
நான்கு நாள் பேசவில்லை.
ஐந்தாம் நாள் களி உருண்டையைக் கரண்டியால் பிளந்து
பாதியைத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள்,
மேலே அவரைக்கொட்டைக் குழம்பை மட்டும்
குறைக்காமல் ஊற்றினாள்.

தவறிய நாட்கள் உண்டு. ஆடிப் பதினெட்டு.
மைத்துனி மகள் கல்யாணம், அதிலும் அந்தப் பிரியாணி.
மறுநாள் காலை பசிக்கவேயில்லை.
பசிக்கும் வரை சும்மா இருந்தேன். தண்டனை ஏதும் இல்லை.

சனிக்கிழமைகளில் 90. ஐப்பசி மழையில் 90.
தையிலும் 90.
பேன்ட் மட்டும் பெல்ட்டில் புது ஓட்டை கேட்டது.
மருந்துக்கடை மிஷினிடம் நான் போகவில்லை.
அது கிராமுக்கெல்லாம் கூப்பாடு போடும்.

சித்திரை கடைசியில் முதல் மாங்காய் லோடு வந்த இரவு
செருப்போடு நின்றுவிட்டேன், மறதி.
சுவரில் 80.
இறங்கினேன். மறுபடி ஏறினேன்.
80.

வண்டி எண் என்ற இடத்தை வெறுமனே விட்டு
ஒரு சீட்டு அடித்தேன்.
காலி எடை எவ்வளவென்று எனக்கு இன்னும் தெரியாது.

விடிந்து வீட்டுக்குப் போனதும்
சட்டைப் பையிலிருந்து அதை எடுத்த நாகவேணி
முன்பக்கம் படித்தாள். ஒன்றும் சொல்லவில்லை.
பின்பக்கம் மளிகை எழுதினாள்:
துவரம் பருப்பு அரைக் கிலோ,
எண்ணெய் முக்கால் லிட்டர்,
போன மாதம் ஒன்றரை.