மைனஸ் முப்பத்தெட்டு

கத்திரி வெயில், பதினோராம் நாள்.
கடலூர் முதுநகரில் என் பட்டறை வாசலில்
தேசிங்கு ஆம்னி வேனை நிறுத்தியபோது
பின்னாலிருந்த கரும்புகை
அவரை முந்திக்கொண்டு உள்ளே வந்தது.

"எல்லை தாண்டிக் கன்னியகோயில் போய்
வெல கம்மின்னு பெட்ரோல் போட்டாறேன் மெஹராஜக்கா,
மிச்சமான காசையும் சேத்து இதுவே குடிச்சிடுது."
மீன்பெட்டி இறக்கிய ஈரம்
கதவிடுக்கில் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

மீட்டரைக் குனிந்து பார்த்தேன்.
எஞ்சின் விளக்கு எரியவேண்டிய இடத்தில்
ஒரு ஸ்டிக்கர் பொட்டு.
மெரூன். பெரிய சைஸ்.
"ராத்திரியில கண்ணக் கூசுதுன்னு சொன்னேன்,
வீட்ல ஒட்டி வுட்டா."

நான் சிரிக்கவில்லை.
பேங்க்காரன் மெசேஜ் வந்தால் சத்தம் வராதபடி
என் போனையும் நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

ஸ்கேனரைச் செருகினேன்.
திரையில் எழுத்து நடுங்கி நின்றது:
எஞ்சின் வெப்பம், மைனஸ் முப்பத்தெட்டு டிகிரி.

தேசிங்கு சட்டையைக் கழற்றி
கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அலுமினியப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும்
அந்தக் கம்ப்யூட்டருக்குக் கடலூர் தெரியாது.
தார் இளகும் ரோடு தெரியாது.
எஞ்சினையே அது பார்த்ததில்லை.
அதன் வாசலுக்கு வருவது வோல்ட் மட்டும்.
கம்பியில் அஞ்சுக்குப் பக்கமாக வந்தால் பனி,
அரைக்குப் பக்கமாக இறங்கினால் கொதி.
அவ்வளவுதான் உலகம்.

பனி என்று கேட்டதும் அது பதறியிருக்கிறது.
இன்ஜெக்டரின் வாயைக் கூடுதல் நேரம் திறந்துபிடித்து
ஊற்று, இன்னும் ஊற்று என்று
வராத குளிருக்கு வார்த்திருக்கிறது.
ரேடியேட்டர் ஃபேனைத் தூங்கவிட்டிருக்கிறது.
அதன் கணக்கில்
அத்தனையும் சரி.

புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சார்
"போதும், பெட்ரோல் அதிகம், போதும்" என்று
வினாடிதோறும் சொல்லிக்கொண்டுதான் இருந்தது.
ஆனால் எஞ்சின் சூடேறும்வரை
அதன் பேச்சை எடுக்கக்கூடாது என்பது விதி.
எஞ்சினோ, காகிதத்தில், சூடேறவே இல்லை.
மோந்து பார்த்தவனின் சொல் ஏறாத அந்த விதி
சிப்காட் காற்று வீசும் ராத்திரிகளில்
ஜன்னலை எழுந்து சாத்துகிற எங்களுக்குப் புதிதல்ல.

சீட்டைத் தூக்கினேன்.
விரல்நுனி அளவு சென்சார்,
அதன் தலையில் ரெண்டு பின் கனெக்டர்.
பிடுங்கினால் உள்ளே பச்சை பூத்திருந்தது,
கெழுத்தியும் சுதும்பும் வடித்த உப்புத்தண்ணீரின் பச்சை.
சென்சார் பொய் சொல்லவில்லை.
அது சொன்னதைப்
பாதி வழியில் உப்பு தின்றிருந்தது.

பழைய பல் பிரஷ், கொஞ்சம் கிளீனர்.
தேய்த்தேன், ஊதினேன், திரும்பச் செருகினேன்.

தொண்ணூற்றேழு.

ஃபேன் தடாரென்று எழுந்து சுற்றியதில்
தேசிங்கு ரெண்டடி பின்னால் போனார்.
புகை மெலிந்தது, வெளுத்தது, இல்லாமல் போனது.
எனக்குப் பிடித்தது அடுத்த நொடி.
மாதக்கணக்காய் ஏமாந்ததற்கு
அந்தப் பெட்டிக்குக் கோபமில்லை, வெட்கமில்லை,
"அப்பவே எனக்குத் தெரியும்" என்ற பேச்சில்லை.
கொதி என்றதும் கொதி என்று நம்பி
வேலையை மாற்றிக்கொண்டது.
நான் இத்தனை சுலபமாய்
யாரிடமும் தோற்றதில்லை.

சிங்காரத்தோப்புப் பாலம்வரை ஓட்டிப்பார்த்துத் திரும்பினோம்.
பழைய கோடுகளை அழித்துவிட்டு
"பொட்ட எடுங்க" என்றேன்.

நகத்தால் மெல்லக் கிள்ளி எடுத்தார்.
அடியில் விளக்கு இல்லை.
இருட்டாய், வட்டமாய், பசை மட்டும்.
கொஞ்சநேரம் அதையே பார்த்தார்.
ஏதோ பேசிக்கொண்டிருந்த ஆள்
எழுந்து போய்விட்டதுபோல.

பணத்தை எண்ணிக் கொடுத்தார், ஐம்பது குறைவாக.
பொட்டை எறியவில்லை.
ஸ்டியரிங்கின் நடுவில் ஒட்டி
கட்டைவிரலால் அழுத்தினார்.

"இருக்கட்டுங்க்கா.
ஐஸ்பெட்டி நாளைக்கும் ஒழுகும்."