மூன்றாவது சிலிண்டர்

கீழ்க்கோத்தகிரியிலிருந்து
விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினோம்,
ஆறு பால்கேன், ஒரு பெட்ரோல் ஜீப்.
ஸ்டியரிங்கில் விரல் ஒட்டிக்கொள்ளும் மார்கழிக் குளிர்.
பானெட்டுக்கு அடியில் மட்டும்
கொல்லன் உலை.

அந்த ஹெடர் பெள்ளிராஜ் மாட்டியது,
கோயம்புத்தூரில், என்னைக் கேட்காமல்.
நாலு குழாய், பலாமர வேர்போல முறுக்கிக்கொண்டு
ஒரே குழாயில் போய் விழும்.
"இழுவையப் பாரு ரஞ்சிதம், சத்தத்தப் பாரு."
வண்டியில் பாதி அவனுடையது.
எந்தப் பாதி என்று நாங்கள் எழுதிக்கொள்ளவில்லை.

பழைய வார்ப்பிரும்பு இருந்தவரை
பிளக் வயர்கள் தம்பாட்டுக்குக் கிடந்தன.
இப்போது மூன்றாவது வயருக்கும் குழாய்க்கும் நடுவே
சுண்டுவிரல் நுழையாது.
ஐப்பசியில் ஒருமுறை சொன்னேன்.
கார்த்திகையில் ஒருமுறை.
"தாங்கும்" என்றான்.
அதன்பின் மூன்று வாரம்
கணக்கு நோட்டில் மட்டும் பேசிக்கொண்டோம்.

எஸ்டேட் கேட் தாண்டிய கொண்டை ஊசியில்
வண்டி நொண்டியது.
ஒன்று, இரண்டு, விழுங்கிவிட்டு, நாலு.
ஒன்று, இரண்டு, விழுங்கிவிட்டு, நாலு.
கல் வைத்து நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு
பானெட்டைத் தூக்கினோம்.
அவன் டார்ச் அடித்தான்.
"அணை" என்றேன்.
மூன்று வாரத்தில் என் முதல் சொல்.

இருட்டு. மூடுபனி.
பிறகு அது தெரிந்தது:
நீல நூல் ஒன்று
வயரிலிருந்து குழாய்க்கு எம்பி எம்பித் தாவியது.
பிளக்வரை போக வேண்டிய நெருப்பு
பாதி வழியில் கிடைத்த இரும்போடு
போய்விட்டிருந்தது.
கொஞ்சம் அழகாகத்தான் இருந்தது.
இருவரும் பார்த்துக்கொண்டே நின்றோம்.

சாவியைத் திருகி அணைத்தேன்.
பனி சொட்டிக் குழாயில் சுர் என்றது,
வெகுநேரம் சுர் என்றது.
வயர் உறை, சுட்ட கத்தரிக்காய்த் தோல்போல
கையோடு உரிந்து வந்தது.

பெள்ளிராஜ் ஒன்றும் சொல்லவில்லை.
டேஷ்போர்டுக்குள் கைவிட்டு
ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தான்.
மோட்டார் காயில் கட்டும் கடையில் விற்கிற
கண்ணாடிநார் ஸ்லீவ், ஒரு மீட்டர்.
பில்லைப் பார்த்தேன்.
கார்த்திகையில் நான் சொன்னதற்கு
மறுநாள் தேதி.

"வாங்கினவன் ஏன் மாட்டல?"
"நீ மறுபடி சொல்லுவேன்னு பாத்தேன்."

கருகிய இடத்தில் ரப்பர் டேப் நாலு சுற்று,
அதன்மேல் ஸ்லீவ்.
தூக்கிக் கட்ட என்ன செய்வது?
கம்பி ஆகாது, பிளாஸ்டிக் உருகும்.
பால்துணியைப் பிடித்திருந்த மரக்கிளிப் இரண்டைக் கழற்றி
மூன்றாவதை இரண்டாவதோடு கோத்து
மேலே ஏற்றினான்.
இரண்டு விரலை இடையில் விட்டு அளந்தான்.
என் விரலையும் விடச் சொன்னான்.

சொசைட்டிக்கு அரைமணி தாமதம்.
எடை போடுகிறவன் கேனை முகர்ந்துவிட்டுத்தான் இறக்கினான்.

அன்று மாலை நோட்டில் எழுதினேன்:
பிளக் வயர் புது செட், ஆளுக்குப் பாதி.
கிளிப், இரண்டு, என்னுடையது.

செட் மாற்றியும் கிளிப்பைக் கழற்றவில்லை.
ஏற்றத்தில் வண்டி சூடேறும்போது
மரத்தில் ஊறிய பால்
இன்னும் லேசாகக் காந்துகிறது.