ஜெராக்ஸ் கடை இழுப்பறை

ஆதார் அட்டையை நகலெடுக்கத்தான் போயிருந்தேன்.
ஸ்டேப்ளரைத் தேடி
தணிகாசலம் இழுப்பறையைத் திறந்தபோது
உள்ளே கிடந்தது என் மகனின் மார்க் கார்டு.

யுகேந்திரன், பதினொன்று சி.
வேதியியல் பதினேழு.
பெற்றோர் கையொப்பம் என்ற கோட்டின் மேல்
ஒன்றுமில்லை.

கரண்ட் போய்விட்டது.
அயனாவரத்தின் மொத்தப் புழுக்கமும்
அந்த ஆறடிக் கடைக்குள் வந்து நின்றது.
பழைய கேள்வித்தாளால் விசிறிக்கொண்டே சொன்னார்:
"ஒண்ணை நாலாக்கித் தரச் சொன்னான்மா.
முடியாதுன்னுட்டேன்.
வெள்ளிக்கிழம வரைக்கும் வெச்சிருங்க,
நானே அம்மாகிட்ட காட்டறேன்னான்.
நீங்க இதைப் பாக்கல. சரியா?"

சரி என்றேனா, நினைவில்லை.
ஐந்து ரூபாய்க்கு மீதி மூன்றை வாங்காமல் நடந்தேன்.
டோனர் படிந்த அந்த விரல்களுக்கு
என் பிள்ளை எத்தனை நாளாய்ப் பழக்கம்?
டெங்குவில் அவன் கிடந்தபோது
பிளேட்லெட் எண்ணிக்கையைத் தூக்கத்திலும் முணுமுணுத்தபடி
எழும்பூர் ஆஸ்பத்திரி நடையில்
அட்டைப்பெட்டி விரித்துப் படுத்தது யார்?
என்னிடம் சொல்லாததை
இரண்டு ரூபாய்க்கு நகல் எடுப்பவரிடம் சொல்வானாம்.

செவ்வாய். புதன்.
சாம்பாருக்கு இரண்டு முறை உப்புப் போட்டேன்.
போனைப் பார்த்துக்கொண்டே தின்றான்.
அவன் பெருவிரல் வெகுநேரமாய்
ஒரே இடத்தில் நிற்பதை
அன்றுதான் கவனித்தேன்.
எதையும் அவன் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.
"என்னடா" என்று ஆரம்பித்து
"இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தவா" என்று முடித்தேன்.

வியாழன் இரவு,
எங்கள் அக்கா பையனைப் பார், உன் அப்பா பட்ட பாட்டைப் பார்,
பழைய வாக்கியங்கள் எல்லாம்
ரேஷன் கடையில் நிற்பதுபோல்
நாக்கின் நுனியில் வரிசை கட்டின.
ஸ்டாக் இல்லை என்று
ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பினேன்.
விடியும்வரை வந்துகொண்டே இருந்தன.

வெள்ளி, ஏழு இருபது.
பையைக்கூட இறக்காமல், செருப்போடு வந்து
அடுப்பு மேடையில் கார்டை வைத்தான்.
அதிர்ச்சி அடைவதற்கு
நான்கு நாள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.
மறந்துவிட்டது. அழுகைதான் வந்தது.
மார்க்குக்காக என்று நினைத்துக்கொண்டான், பாவம்.
"டியூஷன்லாம் வேணாம்மா.
ஒம்பதாவது புக்குல இருந்தே புரியல.
அதை முதல்ல பாக்கறேன்."
"பாரு," என்றேன்.
என் பேனா எழுதவில்லை.
அவனுடையதை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் நன்றி சொல்லப் போனேன்.
தணிகாசலம் மூன்று ரூபாயை நீட்டினார்.
வாங்கிக்கொண்டேன். அவ்வளவுதான் பேசினோம்.

இப்போது நவம்பர்.
கீழ்வீட்டுப் பெனிட்டா, நனைந்த ஷூவோடு
எங்கள் வாசலில் நிற்கிறாள்.
"ஆன்ட்டி, எங்கம்மாகிட்ட சொல்ல மாட்டீங்கன்னா
ஒண்ணு சொல்லணும்."

எனக்குள்ளும் ஓர் இழுப்பறை இருக்கிறது போல.
துருப்பிடித்து, கிறீச்சிட்டு,
பாதிவரை திறந்தது.
"உன்னை யாராச்சும் நோகடிக்கிற விஷயம்னா
மூடி வெக்க மாட்டேன் பெனிட்டா.
உன் கூடவே வந்து சொல்லுவேன்.
வேற எதுன்னாலும் சொல்லு."

நெயில் பாலிஷைச் சுரண்டினாள்.
யார், எங்கே, எப்போதிருந்து,
அதற்குள் எனக்கு ஆயிரம் ஊகம்.
துண்டை எடுத்துக் கொடுத்தேன்.
தலையைத் துவட்டாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.
தண்ணீர் கேட்டாள்.
குடித்துவிட்டு இன்னொரு டம்ளர்.

போன் அடித்தது. அவள் அம்மா.
"எங்க பொண்ணு அங்க வந்தாளா?"
பெனிட்டா என் முகத்தைப் பார்த்தாள்.

"இங்கதான் இருக்கா," என்றேன்.
"மழை விடட்டும்.
சாப்பிட வெச்சு அனுப்பறேன்."